கேட்டுக்கு இந்தப் பக்கம் காத்திருந்த மீன்கள்

பங்குனி மாதத்து ஒரு புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு, நெட்டுக்கழிக்குப்பத்தில் பால் பாக்கெட் வாங்கப் போனவர்களும், வலையை உதறிக்கொண்டிருந்தவர்களும், குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவரவர் பிறந்ததிலிருந்து உப்பங்கழியில் பிடித்துத் தின்ற மீன்கள் எல்லாம் திரும்பி வந்து, அவரவரைச் சுற்றிக் காற்றில் நீந்தத் தொடங்கின. நம்பாதவர்களோடு இதற்காக நான் வாதாடப் போவதில்லை. வாதாட எனக்கு வேறு விஷயம் இருக்கிறது. நம்பாதவர்கள் ரயில்வே கேட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து பார்க்கட்டும், இன்றைக்கும் அவை அங்கேதான் இருக்கின்றன.

மீன் என்றால் முழு மீன், தலையும் வாலும் செதிலுமாக, தின்ற அன்று இருந்த அதே பருமனில். கையை நீட்டினால் கை அதற்குள் நுழைந்து மறுபக்கம் வரும், விரல் நுனி மட்டும் ஈரமாகும், முகர்ந்தால் கழித்தண்ணீர் வாசம் அடிக்கும். மடவை, கெளுத்தி, கொடுவா, ஓரா, உழுவை, விரல் நீளத்துக்கு மேல் வளரத் தெரியாத காரப்பொடி என்று வகைவகையாக, ஒவ்வொருவரின் முழங்காலிலிருந்து தலைக்கு ஒரு முழம் மேல் வரைக்கும், ஒரே திசையில், அவசரமில்லாமல் சுற்றின. இறாலும் நண்டும் ஏனோ வரவில்லை. அதற்கு எங்கள் ஊரில் பதினேழு விளக்கங்கள் இருக்கின்றன, ஒன்றும் தேறாது. என் அம்மா பவுனம்மா தன்னைச் சுற்றிப் பார்த்தாள், என்னைச் சுற்றிப் பார்த்தாள், உலை கொதித்துக்கொண்டிருந்ததால் அதை இறக்கி வைத்துவிட்டு வந்து இன்னொரு தடவை பார்த்தாள், பிறகு சொன்னாள்: "வினோ, கதவ சாத்தாதடி. அதுங்க உள்ள வரணும் இல்ல?"

அன்று மத்தியானத்துக்குள் ஊர் பழகிவிட்டது. ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேரை அடைத்தால் மீன்கள் மறைத்து ரோடு தெரியவில்லை என்று மூன்று பேராகக் குறைத்தார்கள். பூனைகள் இரண்டு நாள் எம்பி எம்பிக் குதித்தன, மூன்றாம் நாள் ஏமாற்றப்பட்டவர்களின் முகத்தோடு கூரையில் போய்ப் படுத்துக்கொண்டன. கங்கையம்மன் கோயிலுக்குள் மீன்களோடு வரலாமா, செருப்பைப் போல வாசலில் விட்டுவிட்டு வரவேண்டுமா என்று பூசாரி யோசித்துக்கொண்டே கதவைத் திறந்தால், நூறு ஆடி மாதங்களாகப் படைத்த கருவாட்டுக் குழம்பின் மீனெல்லாம் அம்மனைச் சுற்றிக்கொண்டிருந்தன, அதனால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. வெளியூரிலிருந்து வரும் கணக்கு டீச்சர் மட்டும் தன்னைச் சுற்றி ஒன்றுமே இல்லாததால் கல்யாண வீட்டுக்கு மூளிக் கழுத்தோடு வந்தவரைப் போலக் கூசினார். இரண்டு பேர் வெகுநேரம் நெருங்கி நின்றால் ஒருவர் மீன் இன்னொருவரோடு கலந்துபோய், பிரிந்து போன பிறகும் அரைமணி நேரம் வழி தெரியாமல் கூடவே வரும் என்பது தெரியவந்தபோது, அந்த மாதத்தில் மட்டும் இரண்டு காதல்கள் வெளியே வந்தன, ஒன்று கல்யாணத்தில் முடிந்தது.

ஆனால் வலையை எடுக்காமல், கூடையைத் தூக்காமல், ஊரே நாலு நாள் அப்படியே உட்கார்ந்துபோனதற்குக் காரணம் வேறு. எந்த மீனை உற்றுப் பார்த்தாலும் அதைத் தின்ற நாள் ஞாபகம் வந்தது. தின்ற தட்டு, தட்டின் நெளிசல், பரிமாறிய கை, அந்தக் கையில் அப்போது இருந்து பிறகு அடகுக்குப் போன வளையல், புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது, வெளியே மழை பெய்தது என்று எல்லாம் வந்தது. "இந்தக் கொடுவா என் தம்பி மொதமொதலா கட்டுமரத்துல போன அன்னிக்கு கொண்டாந்தது" என்று ஒருத்தி சொன்னால், "அந்த குழம்புல உப்பு போட மறந்தது நீதான்" என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். ஆறு வருடத்துக்கு முன் முகத்துவாரத்தில் புருஷனைப் பறிகொடுத்த தேவகியக்கா, கல்யாணமான முதல் வாரத்தில் அவர் பிடித்துவந்த நாலு மடவைகளைத் தன் தோளுக்குப் பக்கத்தில் கண்டுபிடித்த பிறகு, காற்றில் அவை கலைந்துவிடுமோ என்று அந்த வெயில் காலம் முழுக்க வீட்டில் ஃபேன் போடவில்லை.

என் அக்கா அம்சவேணி தன் மீன்களில் ஒரே ஒரு கிழங்கானைக் கண்டுபிடித்தாள். கிழங்கான் தெரியுமா உங்களுக்கு? மெலிந்து நீண்டு, மணலுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு, வெயில் பட்டால் கண்ணாடிச் சில்லு போல மின்னும் மீன். கழியின் அடியில் சுத்தமான மணல் இருந்த காலத்தில் இருந்தது, மணலுக்கு மேல் சாம்பல் படிந்த பிறகு போய்விட்டது, இன்று பதினைந்து வயதுக்குக் கீழே இருக்கும் யாரும் அதை எங்கள் கழியில் பார்த்ததில்லை. முள் குறைவு, சதை பஞ்சு, அதனால் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடப்பவர்களுக்கும் மட்டும்தான் கொடுப்பார்கள். நான் பிறந்த வாரம் அப்பா ஆறு கிழங்கான் கொண்டுவந்தார், அம்மா அவித்து வைத்தாள், ஏழு வயதான அக்கா அதில் ஒன்றை எடுத்து கவுன் பாக்கெட்டில் மறைத்துக்கொண்டு போய்த் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றாள். பாக்கெட்டில் திணித்தபோது வால் மடங்கியது. திரும்பி வந்ததும் அந்த மடங்கின வாலோடுதான் வந்தது.

"நீ பொறந்ததுல எனக்கு கெடச்ச ஒரே லாபம் இதான்டி" என்றாள் அக்கா, ஏழு மாத வயிற்றில் கையை வைத்துக்கொண்டு.

இனி நான் மறைக்காமல் சொல்ல வேண்டியது. மீன்கள் இரண்டு நிறத்தில் இருந்தன. கழிக்கு அக்கரையில் அனல்மின் ஆலை வருவதற்கு முன் தின்றவை வெள்ளியாக, நேராக, சுறுசுறுப்பாக நீந்தின. ஆலை வந்து, குழாய் வந்து, குழாயிலிருந்து சூடான தண்ணீரும் சாம்பலும் கழியில் விழ ஆரம்பித்த பிறகு தின்றவை ஈயப் பாத்திரத்தின் அடியைப் போலச் சாம்பல் நிறத்தில், ஒருபக்கமாகச் சாய்ந்து, மெதுவாக நீந்தின; அவ்வப்போது சுற்றுவதை நிறுத்தி, ஆளின் காதுக்குப் பின்னாலோ அடிவயிற்றுக்கு நேராகவோ வந்து நின்றுகொண்டன. அம்மாவைச் சுற்றி வெள்ளி அதிகம். ஆலை வந்தபோது அக்காவுக்குப் பதினொரு வயது, அதனால் அவளைச் சுற்றி நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வெள்ளி. எனக்கு அப்போது நாலு வயது. என்னைச் சுற்றி ஒரு சாம்பல் மேகம்; நடுவில் எப்போதாவது ஒரு மினுக்கு.

இன்னொன்றும் உண்டு. இந்த மீன்கள் ரயில்வே கேட்டைத் தாண்டுவதில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு டவுன் மார்க்கெட்டுக்குப் போகும் பெண்கள் தண்டவாளத்தைத் தாண்டியதும் அவர்களுடைய மீன்கள் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும், பஸ்ஸுக்கு நிற்பதைப் போல வரிசையாக, சாயங்காலம் அவர்கள் திரும்பி வரும் வரைக்கும். கேட் கீப்பர் பலராமன் யார் மீன் எது என்று ஒரே வாரத்தில் அடையாளம் தெரிந்துகொண்டு, "பவுனம்மா, உன் கூட்டம் காலையிலேர்ந்து ஏங்கிப் போயி கீது, வெரசா போ" என்று குரல் கொடுப்பார். நாள் முழுக்க வெயிலில் மீன் விற்றுவிட்டுத் தலைச்சும்மாட்டோடு வரும் அறுபது பெண்களை நோக்கி அறுபது கூட்டம் மீன்கள் ஒரே நேரத்தில் திரும்புவதை நீங்கள் பார்த்திருந்தால், நான் இதற்கு மேல் எழுதவே வேண்டியிருக்காது.

ஆனால் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் கையெழுத்து ஒரு தாளில் இருக்கிறது.

அந்தத் தாள் மீன்கள் வந்ததற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மீனவர் சங்கக் கட்டடத்துச் சுவரில் ஒட்டப்பட்டது. கழி மீனைத் தின்றால் உடம்புக்குக் கேடு உண்டா என்று பார்க்க ஒரு நிபுணர் குழு போட்டிருந்தார்கள். நான் சுற்றுச்சூழல் அறிவியல் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம், உள்ளூர்ப் பெண் என்பதால் வீடு வீடாகப் போய்க் கேட்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள், நானும் ஊருக்கு நல்லது செய்யப் போவதாக நினைத்துக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டு வீடு ஏறினேன். பெயர், வயது, எடை, மீன் சாப்பிடத் தொடங்கிய வயது, வாரத்துக்கு எத்தனை முறை. எல்லாப் பெண்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "மீனா? வாரத்துக்கு ஒரு வாட்டி. மிஞ்சிப்போனா ரெண்டு."

எங்கள் ஊரில் மீன் தின்றோம் என்று ஒருத்தி சொன்னால், விலை போகிற அளவு முழு மீனை விற்காமல் வீட்டில் ஆக்கினாள் என்று அர்த்தம், அது பெருமைக்குச் சொல்வது. உடம்பை விற்றுவிட்டுத் தலையைக் கொதிக்க வைப்பது, வலையில் நசுங்கியதை, சினையை, ஈரலை, கூடையில் மிஞ்சின காரப்பொடியைப் போட்டுப் புளியைக் கரைத்து ஊற்றுவது, அதையே மறுநாள் காலையில் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது, இதையெல்லாம் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை; மூச்சு விட்டோம் என்று யாராவது சொல்வார்களா? எனக்கு இது தெரியாதா? அந்தத் தலைக்குழம்பில் வளர்ந்தவள்தானே நான்? தெரிந்தும், பதில் சொல்பவரின் வாயில் நாம் வார்த்தையைப் போடக் கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்களே, அந்தப் படிப்பின் மரியாதைக்காக, 'வாரம் இருமுறை' என்று நூற்றுப் பன்னிரண்டு தடவை எழுதினேன். ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான். வழிமுறையில் சதையை மட்டும் எடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது, அதனால் தலையையும் ஈரலையும் சினையையும் நானே கத்தியால் நறுக்கிக் குப்பையில் போட்டேன். ஒரு ஆள் ஒரு நாளில் உள்ளே விடும் நஞ்சை, இவ்வளவு போனால் கேடில்லை என்று வைத்திருக்கும் அளவால் வகுக்க வேண்டும். ஒன்றுக்குக் கீழே வந்தால் தின்னலாம். எழுபது கிலோ ஆண், வாரம் இருமுறை, ஒருமுறைக்கு நூற்றைம்பது கிராம் சதை என்று போட்டதில் பூஜ்யம் புள்ளி எட்டு வந்தது. தின்னலாம் என்று தாளில் எழுதி, கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

தாள் சுவருக்கு வருவதற்கு முன்பே அந்த எண்ணை நான் அக்காவிடம் கொண்டுபோனேன். கல்யாணமாகி எட்டு வருடம், இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கியிருந்தது. பயந்துபோய் இரண்டு மாதமாகத் தயிர்ச்சோறும் ஊறுகாயுமாக இருந்தவள் கேட்டாள்: "துன்னலாமா வினோ? நாக்கு செத்துப்போச்சுடி."

"தாராளமா துன்னுக்கா. ஒண்ணுக்குக் கீழதான் வந்திருக்கு. நானே கணக்கு போட்டேன்."

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, அன்றைக்கே கெளுத்தித் தலை நாலு வாங்கிவரச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வர உறிஞ்சித் தின்றாள். அடுத்த ஆறு வாரமும் தின்றாள். தாளை ஒட்டினார்கள், மறுநாள் காலை மீன்கள் வந்தன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், ஆய்வு மாணவியாக ஆதாரமில்லை என்பேன். பவுனம்மா மகளாகக் கேட்டால் வேறு சொல்வேன்.

நான் அக்காவின் மீன்களை எண்ண உட்கார்ந்தேன். மூன்று நாள் ஆனது. அவள் தும்மினால் கலைந்தது, சிரித்தால் கலைந்தது, அவள் புருஷன் தேசிங்கு மாமா காபி கொண்டுவந்து பக்கத்தில் நின்றால் அவர் கெளுத்திகள் வந்து கலந்து முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது. "உங்க அக்காவ ஏலத்துக்கு அனுப்பற மாதிரி எண்றியே, ரசீது குடுப்பியா?" என்று அவர் கிண்டல் செய்தார். மொத்தம் பதினோராயிரத்து நானூற்றெட்டு. வெள்ளி மூவாயிரத்துப் பதினாறு, மீதி சாம்பல். சராசரி நாளுக்கு ஒரு மீன், அதே குழம்பு மறுநாள் காலையிலும்; ஆக வாரம் இருமுறை இல்லை, நாளுக்கு இருமுறை. அக்காவின் எடை எழுபது இல்லை, ஐம்பத்தொன்று. திருப்பிப் போட்டால் ஏழரையைத் தாண்டியது, அதுவும் தலையைச் சேர்க்காமல்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எண்ணைத்தான் சொன்னேன். அக்கா அடிவயிற்றுக்கு நேராக வந்து நின்ற சாம்பல் மீன்களைக் கையால் தள்ளினாள், கை உள்ளே போய் ஈரமாகித் திரும்பியது.

"உள்ள போனது போனதுதானா?"

"நிறுத்தினா குறையும்க்கா. மெதுவா குறையும். இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

"சரி, நிறுத்திடறேன்." பிறகு நிமிர்ந்து பார்த்து, "ஏன்டி, எல்லாரும் என் வாய மூடச் சொல்றீங்களே, அந்தக் குழாய மூடச் சொல்லி ஒருத்தனும் எழுதலையா உங்க தாள்ல?" என்றாள்.

எழுதவில்லை. அதற்குத் தாளில் இடமே இல்லை.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். கழி மீனில் நஞ்சு என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் வாங்குவார்கள் என்று ஒரு பாதி கத்தியது. தெரியாமல் விற்பதற்கு நாம் என்ன அந்த ஆலைக்காரர்களா என்று மறுபாதி கத்தியது. இதற்கிடையே மீன்கள் கலந்து யார் எந்தக் கட்சி என்பதே குழம்பிவிட்டது. கடைசியில் தேவகியக்கா எழுந்து, "மொதல்ல அந்த ஆபிசருங்கள கூப்பிடுங்க. வந்து கண்ணால பாக்கட்டும். நம்மள சுத்தி கீறத பாத்துட்டு அப்புறம் சொல்லட்டும் வாரத்துக்கு ரெண்டுன்னு" என்றாள்.

வைகாசியில் அவர்கள் வந்தார்கள். வந்தார்கள் என்றா சொன்னேன்? கேட் வரைக்கும் வந்தார்கள். வருவாய்த் துறை வரைபடத்தின்படி ஊர் எல்லை தண்டவாளம்தான், அதனால் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஷாமியானா போட்டு, மேஜை போட்டு, பிஸ்கட் தட்டு வைத்து உட்கார்ந்துகொண்டார்கள். நாங்கள் தாண்டிப் போனோம். எங்கள் மீன்கள் எல்லாம், நூற்றுப் பன்னிரண்டு வீட்டு மீன்களும், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே நின்று, தென்னை உயரத்துக்குச் சுவரைப் போல எழும்பி, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. குழுத் தலைவர் டாக்டர் சாரங்கபாணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்தார். பார்த்தார் என்பதற்கு நான் சாட்சி.

"இந்தப் பக்கம் மூடுபனி அதிகமோ?" என்றார்.

வைகாசி வெயில், பகல் பதினொரு மணி.

"சார், தண்டவாளத்தத் தாண்டி பத்தடி வாங்க" என்றேன்.

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா."

"உணர்ச்சிவசப்படல சார், பெருக்கிக்கிட்டு இருக்கேன். பதினாலு வேளைய நீங்க ரெண்டா எழுதியிருக்கீங்க, ஐம்பத்தொரு கிலோ பொம்பளைய எழுபது கிலோ ஆம்பளையா ஆக்கியிருக்கீங்க, தலையத் துன்றவங்களுக்கு வால் பக்கத்த எடுத்து சோதிச்சிருக்கீங்க..."

அவர் பொறுமையாக, நான் வீடு வீடாக நிரப்பிய படிவங்களில் ஒன்றை எடுத்து என் பக்கம் திருப்பினார். "எழுதினது நான் இல்லையேம்மா. கீழ இருக்கற கையெழுத்து உங்களுதுதானே?"

என்னுடையதுதான். நிறுத்தி, அழகாக, பெயருக்குப் பின்னால் படிப்பையும் போட்டுக் கையெழுத்திட்டிருந்தேன். ஊரே என்னைப் பார்த்தது.

அப்போதுதான் அக்கா பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஐயா, அவ எழுதனது இருக்கட்டும். நாங்க சொன்னத எழுதனா. என் வயித்துல கீறதுக்கு எவ்ளோ எழுதி இருக்கீங்க? அத்த சொல்லுங்க."

டாக்டர் தாளைப் புரட்டினார். கெட்டவர் இல்லை அவர், உண்மையாகவே தேடினார். "பிறந்த குழந்தை மீன் சாப்பிடாது இல்லையாம்மா? அதனால அந்தக் கட்டத்துல பூஜ்யம்னு அச்சடிச்சே வந்திருக்கு."

"பூஜ்யமா?"

"பூஜ்யம்தாம்மா. கவலைப்படாதீங்க."

ஆட்சேபங்களைக் குறித்துக்கொண்டு, மறுபரிசீலனை செய்வதாகச் சொல்லிவிட்டு, பிஸ்கட்டை எங்களுக்கே விட்டுவிட்டுப் போனார்கள். அக்கா தண்டவாளத்தைத் தாண்டி வந்தாள், அவள் மீன்கள் அவளைச் சூழ்ந்துகொண்டன. "பூஜ்யம்னு சொன்னாரே வினோ" என்றாள். கேள்வியாகச் சொன்னாளா, பிரார்த்தனையாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு மாதமும் அவள் ஒரு மீனைத் தொடவில்லை. பருப்பும் முட்டையும் முருங்கைக்கீரையும் தின்றாள். பக்கத்து வீட்டில் குழம்பு கொதித்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கிழங்கானை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆனி மாதம் வலி எடுத்தது. பெரிய ஆஸ்பத்திரி கேட்டுக்கு அந்தப் பக்கம். ஆட்டோ தண்டவாளத்தைத் தாண்டியதும் அக்காவின் மீன்கள் நின்றுவிட்டன. மற்றவர்களின் மீன்கள் சாயங்காலம் அவரவரோடு வீட்டுக்குப் போக, அக்காவுடையது மட்டும் நாலு நாள் அங்கேயே நின்றது. கூட்ஸ் வண்டி போனால் அதிர்ந்தது, மழை பெய்தால் கொஞ்சம் தாழ்ந்தது. மார்க்கெட்டுக்குப் போகும் பெண்கள் அதைத் தாண்டும்போது, பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் பார்த்தவர்களைப் போல, "வந்துருவா, வந்துருவா, நல்லா கீறா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் அதைச் சுற்றி ஒன்றும் இல்லை, வெறும் காற்றுதான். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அந்தக் காற்றை.

ஐந்தாம் நாள் காலை திரும்பினோம். ஆட்டோவில் அக்கா, மடியில் குழந்தையோடு அம்மா, முன்னால் தேசிங்கு மாமா, காலடியில் பைகளோடு நான். கேட் மூடியிருந்தது. நீளமான கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருக்க, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த இடைவெளியில், அந்தப் பக்கம் அக்காவின் மீன்கள் விட்டுவிட்டுத் தெரிந்தன. எங்கள் ஊரில் பாதி அங்கே வந்து நின்றிருந்தது. எதைப் பார்க்க வந்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அக்கா அம்மாவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள், பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடியும் அம்மா மடியிலேயே வைத்தாள், தன்னிடமிருந்து தள்ளி.

பலராமன் கேட்டைத் தூக்கினார். ஆட்டோ இரண்டு தண்டவாளத்திலும் குதித்து ஏறி இறங்கி இந்தப் பக்கம் வந்து நின்றது, மீன்கள் மொத்தமும் ஒரே திருப்பாகத் திரும்பி அக்காவிடம் வந்தன, எங்களுடையவை எங்களிடம் வந்தன. கொஞ்ச நேரம் எதுவுமே தெரியாத அளவுக்கு மீன். அது அடங்கியபோது அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் காற்றில் சில மீன்கள் தயங்கி நின்றன. எந்தப் பக்கம் என்று தெரியாதவை போல ஒரு முறை அக்காவைப் பார்த்தன. பிறகு மெதுவாக, சாய்ந்து சாய்ந்து, ஒன்றன் பின் ஒன்றாகப் போய், துணியில் சுற்றிய அந்தச் சின்னத் தலையைச் சுற்ற ஆரம்பித்தன.

யாரோ ஒருத்தி "ஐயோ" என்றாள், பக்கத்தில் இருந்தவள் அவள் வாயைப் பொத்தினாள்.

நான் எண்ணினேன், வேறென்ன தெரியும் எனக்கு? அக்காவைச் சுற்றிப் பதினோராயிரத்து முந்நூற்று அறுபத்தேழு என்பது பிறகு தெரிந்தது. குழந்தையைச் சுற்றி நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றா என்று இன்னொரு தடவை எண்ணினேன். நாற்பத்தொன்றுதானே, அந்த இரண்டு மாதம் இல்லாவிட்டால் எத்தனை இருந்திருக்குமோ என்று அடுத்த மூச்சிலேயே தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே கோபம் வந்தது. நாற்பது சாம்பல். கடைசியாக வந்தது மட்டும் வெள்ளி. மெலிந்து, நீண்டு, கண்ணாடிச் சில்லைப் போல மின்னிக்கொண்டு, வால் ஒரு பக்கம் மடங்கி.

"கிழங்கான்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். பெரியவர்கள் முன்னால் வந்தார்கள், சின்னவர்கள் "எது, எது?" என்று எட்டிப் பார்த்தார்கள். பதினைந்து வருடம் கழித்து எங்கள் ஊர், ஆயிரம் மீன்களுக்கு நடுவில் மறையாத ஒரு கிழங்கானைக் கூட்டமாக நின்று பார்த்தது.

அக்கா முந்தானையை எடுத்து விரட்ட ஆரம்பித்தாள். சாம்பல் மீன்களை மட்டும், ஒவ்வொன்றாக, அந்த மடங்கின வாலில் துணி படாமல் பார்த்துப் பார்த்து விரட்டினாள். அவை துணிக்குள் புகுந்து மறுபக்கம் வந்து, திரும்பவும் குழந்தையின் காதுக்குப் பின்னால் போய் நின்றன.

"இத்த மட்டும் இருக்கச் சொல்லு வினோ. மத்ததெல்லாம் எங்கிட்டயே வந்துரச் சொல்லு. நீ படிச்சவதானே? எல்லார்கிட்டயும் பேசுவியே, பேசு!"

நான் பையில் கைவிட்டு ஒரு புதுப் படிவத்தை எடுத்தேன், தேசிங்கு மாமா முதுகைத் திருப்பிக் காட்டினார், அதன்மேல் வைத்து எழுதினேன். பெயர்: இன்னும் வைக்கவில்லை. வயது: ஐந்து நாள். எடை: இரண்டு கிலோ நானூறு கிராம். பிறந்த குழந்தைக்கான மீன் கட்டத்தில் அச்சடித்து வந்திருந்த பூஜ்யத்தை அடித்துவிட்டு நாற்பத்தொன்று என்று எழுதினேன். அதற்குக் கீழே இருந்த கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

"இன்னாடி நிறுத்திட்ட?" என்றாள் அக்கா. "இன்னா கேட்டிருக்கான் அதுல?"

"மீன் சாப்பிடத் தொடங்கிய வயது."

அக்கா முந்தானையைக் கீழே விட்டாள். குழந்தையின் நெற்றிக்கு நேராக வந்து, ஒரு கணம் நின்று, மறுபடி சுற்றப் போன அந்தக் கிழங்கானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக்கோ" என்றாள். "இவ பொறக்கறதுக்கு இருவத்தி ரெண்டு வருஷம் முன்னாடி. நீ பொறந்த வாரம். தண்ணி டிரம்முக்குப் பின்னாடி உக்காந்து."